கூடணுமா, குறையணுமா

இன்று காலை என் மகன் ஆசீரின் முதுகில் மறுபடியும் ஊசி இறக்கித் தண்ணி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், அதில் என்ன இருக்கிறது என்று வந்து சொல்லும்வரை இந்த ஐ.சி.யு. கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அதைவிட்டால் எனக்கு வேறு வேலை இல்லை. கதவு சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. திறக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கிற குளிர் வந்து என் கால்மேல் விழுகிறது, கூடவே அந்த வாசனை, ஸ்பிரிட்டும் பினாயிலும் கலந்து அடியில் இன்னும் ஏதோ ஒன்று, பெயர் தெரியவில்லை. வெளியே வருகிறவர் நமக்காக வரவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவரைக்கும் மூச்சு நின்றுவிடுகிறது. அப்புறம் வருகிறது. பக்கத்து நாற்காலியில் ஹெப்சி சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறாள், என் மருமகள், ஆசீர் பெண்டாட்டி, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கையில் பிடித்த தண்ணி பாட்டில் சரிந்து சரிந்து மடியில் நிற்கிறது. பிள்ளையைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு வந்து இந்த நாற்காலியிலேயே கிடக்கிறாள், தூங்கட்டும். ஆனால் அவள் தூங்குவதும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, இரண்டு பேரும் விழித்திருந்தால்தான் உள்ளே அவன் பிடிமானம் நழுவாது என்று ஒரு நினைப்பு, எங்கேயிருந்து வந்தது இந்த நினைப்பு, ஜெபிக்கிறவளுக்கு இப்படி ஒரு நினைப்பு வரலாமா. பாட்டிலை மெதுவாக எடுத்து என் மடியில் வைத்துக்கொள்கிறேன். தண்ணி அதற்குள் ஆடுகிறது. தெளிந்த தண்ணி. இப்போது எந்தத் தண்ணியைப் பார்த்தாலும் அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாய்தான் ஞாபகம் வருகிறது, முதல் தடவை எடுத்தபோது டாக்டர் நிலோபர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். குடிக்கிற தண்ணிபோலத் தெளிவாக இருக்க வேண்டுமாம். அதுவோ அரிசி களைந்த தண்ணிபோல இருந்தது. மூளையைச் சுற்றி, முதுகெலும்புக்குள்ளே, அதுதான் ஓடுகிறதாம் எல்லாருக்கும், எனக்கும்கூட, அறுபது வருஷமாக எனக்குள்ளே ஒரு தண்ணி ஓடுவது எனக்கே தெரியாது. ஆசீரும் இப்படித்தான் தம்ளரைச் சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பான். வீடு வீடாகப் போய்த் தண்ணி பில்டர் மாட்டுகிறவன், மேலப்பாளையம், பேட்டை எல்லாம் அவனுக்கு அத்துப்படி, எந்தத் தெருவில் போர் தண்ணி உப்பு, எங்கே செம்மண் கலங்கல் என்று வாசனையிலேயே சொல்லுவான். மாட்டி முடித்ததும் ஒரு தம்ளர் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, இப்ப பாருங்கக்கா என்பான் வீட்டுக்காரியிடம், பெருமையாக. என் பிள்ளையின் தலைக்குள்ளே கலங்கிவிட்டது ஆண்டவரே. அதைத் தெளிய வைக்க எனக்குத் தெரியாது.

முதலில் வெறும் தலைவலி என்றுதான் சொன்னான். சளி பிடித்திருந்தது, மழையில் வண்டி ஓட்டினான், எல்லாருக்கும் வருகிறதுதானே. சன்னலைச் சாத்து வெளிச்சம் கண்ணைக் குத்துது என்றான், சாத்தினேன். குனிய முடியவில்லை என்றான், கழுத்தில் தைலம் தேய்த்தேன், கழுத்து மரக்கட்டைபோல இருந்தது, படுத்த இடம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஹெப்சி சமையல்கட்டுக்கு ஓடி வந்தாள், அத்த இவிய என்னமோ மாரி பேசுதாவ என்று. போய்ப் பார்த்தால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், முகம் சிவந்து, என்னைப் பார்த்தான், நன்றாகப் பார்த்தான், பார்த்துவிட்டு, உள்ள இருக்கிற பஞ்சு மாத்தணும்க்கா, இது தாங்காது என்றான். என்னைப் பார்த்து அக்கா என்றான். யார் வீட்டுச் சமையல்கட்டில் பில்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு பேசினானோ. ஆட்டோவில் வரும்போது அவன் தலை என் மடியில்தான் கிடந்தது, சூடு சேலையைத் தாண்டித் தொடையில் இறங்கியது, ஒவ்வொரு பள்ளத்திலும் முனகினான். நான் சத்தமாகவே ஜெபம் பண்ணினேன், ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார், பார்க்கட்டும். இங்கே வந்ததும் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மூளையைச் சுற்றி இருக்கிற சவ்வில் கிருமி போயிருக்கிறது, மூளைக்காய்ச்சல் என்றார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு நர்ஸ் பிள்ளை வெளியே வந்து, முதுகுத் தண்ணி ரிசல்ட் வந்திட்டு, வெள்ளை அணு ரொம்பக் கூடியிருக்கு, நியூட்ரோபில்தான் எல்லாம் என்றாள். நான் அந்த வராந்தாவிலேயே இரண்டு கையையும் தூக்கி ஸ்தோத்திரம் என்றேன். கொஞ்சம் பலமாகவே சொல்லிவிட்டேன். நர்ஸ் பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், ஹெப்சியும் பார்த்தாள், இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாமல் விட்டதை நான் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு அந்தச் சொல் முந்தியே தெரியும், அதுதான் விஷயம். நியூட்ரோபில். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தது என் வீட்டுக்காரருடைய வியாதி. அவருக்குப் புற்றுக்கு மருந்து ஏற்றும்போதெல்லாம் அது இறங்கிப் போகும், இறங்கினால் அடுத்த மருந்து கிடையாது, வீட்டுக்குப் போங்க ஏறினதும் வாங்க என்பார்கள். அது உடம்புக்குக் காவல் என்று அந்த டாக்டர்தான் சொன்னார், கிருமி வந்தால் முதலில் ஓடி வருகிறது அதுதான், அது இல்லாவிட்டால் சாதாரண சளிகூட ஆளைத் தூக்கிவிடும். அப்போது எங்கள் சபையில் பெண்கள் எல்லாரும் சங்கிலி ஜெபம் எடுத்தார்கள். ஒருத்தி முட்டங்காலில் நின்று முடித்ததும் அடுத்தவளுக்குப் போன் போட வேண்டும், அவள் முடித்ததும் அதற்கடுத்தவளுக்கு, சங்கிலி அறுந்துவிடக் கூடாது, அடுப்பில் குழம்பு கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். என்ன கேட்க வேண்டும் என்பதை நோயாளியின் வீட்டு ஆட்கள்தான் சொல்ல வேண்டும், ஜெபக்குறிப்பு என்று அதற்குப் பேர். நான் சொன்னேன், வெள்ளை அணு ஏறணும். ஏறியது. ஒவ்வொரு தடவையும் ஏறியது. அவர் போய்ச் சேர்ந்தது வேறு காரணத்தால், ஈரல் தாங்கவில்லை, ஆனால் அணு ஏறியது, கேட்டது கிடைத்தது, அதற்கு நான் சாட்சி சொல்லியிருக்கிறேன் சபையில் எழுந்து நின்று. அந்தப் பழக்கத்தில்தான், அந்த நர்ஸ் பிள்ளை சொன்ன சூட்டோடு சூட்டாக, போனை வாய்க்குக் கிட்டே பிடித்து எல்லாருக்கும் பேசி அனுப்பினேன். என் மகன் ஆசீருக்கு வெள்ளை அணு நல்லா ஏறியிருக்கு, நியூட்ரோபில்லுன்னு சொல்லுதாவ, ஆண்டவர் தம்முடைய சேனையை அனுப்பியிருக்கார், இன்னும் பெருகணும், இன்னும் வரணும், அப்படின்னு ஜெபம் பண்ணுங்க. என் குரல் எனக்கே எவ்வளவு தைரியமாக இருந்தது. தங்கபுஷ்பம் அக்கா உடனே சங்கிலியைக் கட்டிவிட்டாள். பாளையங்கோட்டையில் ஒரு தெருப் பெண்கள் முழுக்க அன்றையிலிருந்து மாறி மாறி முட்டங்காலில் நின்று, என் பிள்ளையின் தலைக்குள்ளே அது பெருக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்போதும். இந்த நிமிஷமும் யாரோ ஒருத்தி.

நேற்றுத்தான் டாக்டர் நிலோபர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். இன்னும் தெளியலம்மா, நாளைக்கு மறுபடி தண்ணி எடுத்துப் பாக்கணும் என்றாள். என் மகன் வயதுகூட இருக்காது, தலையில் முக்காடு, கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது, அவளும் தூங்கவில்லை. நான் தைரியம் சொல்லுகிறவளாட்டம், பயப்படாதம்மா, வெள்ளை அணு நல்லா ஏறிட்டு வருதுல்லா, இன்னும் ஏறும், நாங்க எல்லாரும் அதுக்குத்தான் ஜெபிக்கோம் என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள், ரத்தத்துல அது இருக்கணும்மா, முதுகுத் தண்ணியில அது இருக்கவே கூடாது. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறதாம், அவ்வளவு நெருக்கமான சுவர், காவல்காரர்களைக்கூடச் சும்மா உள்ளே விடாது, ஏனென்றால் உள்ளே இருப்பது அவ்வளவு மெல்லிசு, தலை மூடின பெட்டி, வீங்குவதற்கு இடம் கிடையாது. கிருமி எப்படியோ நுழைந்துவிட்டது, நுழைந்ததும் காவலைக் கூப்பிட ஆள் போய்விட்டது, சுவரில் இருக்கிற இடுக்கு வழியாக இவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் உள்ளே வந்துவிட்டார்கள். வந்து கிருமியை விழுங்குகிறார்கள். விழுங்கியது போதாது என்று வயிற்றில் இருக்கிற காரத்தையெல்லாம் கக்குகிறார்கள், அது கிருமியையும் அரிக்கும், பக்கத்தில் இருக்கிற நரம்பையும் அரிக்கும், அதற்கு ஆள் தெரியாது. கடைசியில் தன்னையே கிழித்து உள்ளே இருக்கிற நூலை எடுத்து வலையாக வீசுவார்களாம், அந்த வலையில் கிருமி மாட்டும், ஆனால் வலை அங்கேயே கிடந்து தண்ணி போகிற வழியை அடைக்கும். நான் கேட்டேன், அப்போ அன்னைக்குக் குழாயில கலங்கலா இருந்ததே, அது கிருமிதானே. இல்லம்மா, கிருமி கண்ணுக்குத் தெரியாது, அந்தக் கலங்கல் பெரும்பாலும் இவங்கதான் என்றாள். இவங்கதான். நான் ஸ்தோத்திரம் சொன்னது அந்தக் கலங்கலுக்கு. அப்படியானால் இவர்கள் வராமலே இருந்திருந்தால் நல்லதா என்று கேட்டேன். வராம இருந்தா கிருமி ஒரே நாள்ல கதைய முடிச்சிருக்கும் என்றாள். கிருமியைக் கொல்ல ஒரு மருந்து போகிறதாம், இவர்களுடைய ஆவேசத்தை அடக்க இன்னொரு ஊசி போடுகிறார்களாம், வந்த அன்றைக்கே முதலில் போட்டது அந்த ஊசிதான். அப்போ நான் என்னன்னு கேக்க என்றேன், அவளிடம் இல்லை, ஜெபத்தில் கேட்பதைப் பற்றி, ஆனால் வாயில் வந்துவிட்டது. அவளுக்குப் புரியவில்லை. எதும்மா என்றாள். ஒண்ணுமில்ல என்று எழுந்து வந்துவிட்டேன்.

அதிலிருந்து இது சுற்றிக்கொண்டே இருக்கிறது தலைக்குள். கதவு திறக்கிறது, யாரோ ஒரு வாளியோடு போகிறார், மூடுகிறது. நான் முந்தி இருந்த தெருவில் எமிலி வீட்டில் தீப்பிடித்தது, எண்ணெய்ச் சட்டியிலிருந்து திரைச்சீலையில் ஏறிவிட்டது. ஒரு சத்தம் போட்டாள், அவ்வளவுதான், தெருவே உள்ளே போய்விட்டது, நானும் போனேன், குடத்தோடு போனேன். ஒற்றைச் சமையல்கட்டு, இருபது பேர். ஒருத்தர் கூரை ஓட்டைப் பிரித்தார், ஒருத்தர் மண்ணை அள்ளி எறிந்தார், அரிசி மூட்டையில் தண்ணியை ஊற்றினார்கள், பீரோவைக் காப்பாற்றுகிறேன் என்று இழுத்துக் கண்ணாடியை நொறுக்கினார்கள், தொட்டிலை யாரோ தட்டிவிட்டுப் பிள்ளை கீழே விழுந்தது. தீ தின்றது ஒரு திரைச்சீலையையும் இரண்டு டப்பாவையும். மற்றதெல்லாம் வந்தவர்கள். ஒருத்தர்கூடக் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை, எல்லாரும் பதறி வந்தவர்கள், தீ அணைந்த பிறகும் வந்துகொண்டே இருந்தார்கள், கடைசியில் வந்தவர்களுக்குத் தீ எங்கே என்றே தெரியாது, ஆனாலும் ஊற்றினார்கள். ஆசீரின் தலை அந்தச் சமையல்கட்டு. இன்னும் ஆள் போய்க்கொண்டிருக்கிறது. வாசலில் நின்று நான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் வாங்க இன்னும் வாங்க என்று. என் வாழ்நாளில் ஜெபம் கேட்கப்படாமல் போய்விடுமோ என்று எத்தனையோ தடவை பயந்திருக்கிறேன். அந்தப் பயம் எனக்குப் பழகின பயம், அதோடு எப்படிப் படுத்து எழுவது என்று எனக்குத் தெரியும். கேட்கப்பட்டிருக்குமோ என்று பயப்படுவது இதுதான் முதல் தடவை. நேற்றிலிருந்து சேனைகளின் கர்த்தாவே என்று ஆரம்பிக்க வாய் வரவில்லை, அந்தச் சொல்லில் வந்ததும் நாக்கு நிற்கிறது. அப்பா என்று ஆரம்பிக்கிறேன், அப்பா என்றதும் அடுத்தது என்ன. அப்பா, அவர்களைப் போகச் சொல்லும். போனால் கிருமி. அப்பா, அவர்களை இருக்கச் சொல்லும். இருந்தால் வீக்கம். கண்ணை மூடினால் கண்ணுக்குள்ளே வெள்ளை வெள்ளையாக ஓடுகிறது, திறந்துவிடுகிறேன்.

சொல்லித்தான் ஆக வேண்டும். சங்கிலியை மாற்றச் சொல்ல வேண்டும். நேற்றே சொல்லியிருக்க வேண்டும், வெட்கம், வேறு என்ன, நானே வாயால் பேசி அனுப்பினதை நானே எப்படி மாற்றுவது. போனை எடுத்துத் தங்கபுஷ்பம் அக்காவுக்குப் போட்டேன். எடுத்த எடுப்பில் நல்ல செய்தியா என்றாள், குரல் கம்மியிருந்தது, அவளும் ஜெபித்து ஜெபித்துத் தொண்டையைப் புண்ணாக்கி வைத்திருக்கிறாள். நான் டாக்டர் சொன்னதை எனக்குத் தெரிந்தமட்டும் சொன்னேன், சுவர், இடுக்கு, காரம், வலை, எல்லாம் சொன்னேன். அவள் ம் கொட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கேட்டாள்.

"ஏட்டி பாக்கியம், நீ சொல்லுததெல்லாம் இருக்கட்டும். கூடணுமா, குறையணுமா, அதச் சொல்லு. இப்ப டீச்சரம்மா முட்டங்கால்ல நிக்கா, அடுத்து கொத்தனார் வீட்டுக்காரி. மாத்தணும்னா ஒவ்வொருத்திக்கா போன் போடணும்லா."

"குறையணும்க்கா," என்றேன். சொன்னதுமே பயம் வந்துவிட்டது. "ஆனா ஒரேயடியா இல்லாமப் போயிரக் கூடாது."

"அதெப்படிட்டி கேக்கது? ஆண்டவர்ட்ட போயி கறிக்கு உப்பு சொல்லுத மாரியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன், அவளும் சிரித்தாள், சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன், ஹெப்சி எழுந்துவிடக் கூடாது. அக்கா போனை வைக்காமல் இருந்தாள். அவள் வீட்டில் மிக்ஸி ஓடியது, நின்றது, யாரோ தேங்காய் போதுமா என்று கேட்டார்கள், போதும் என்றாள் அவர்களிடம். அப்புறம் என்னிடம் சொன்னாள், நாங்க ஒண்ணும் கேக்கல, ஆசீருங்கிற பேர மட்டும் சொல்லிட்டு முட்டங்கால்ல நிக்கோம், எத்தனை வேணும்ங்கிறத அவர் பாத்துக்கிடட்டும். சரிக்கா என்றேன். வைத்துவிட்டாள். நியாயமாக எனக்கு ஒரு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை நாளும் கேட்டதை யார் திரும்ப எடுப்பது. வாயிலிருந்து போனது போனதுதானே. சபைப் போதகரான ஐயரிடம் கேட்டால் ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கிறார் வார்த்தையைப் பார்க்கிறதில்லை என்பார், நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் அதை, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எத்தனை தாய்மாருக்கு, கையைப் பிடித்துக்கொண்டு. அவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கும் உள்ளே இப்படித்தான் இருந்திருக்குமோ.

ஒன்று கேட்டேன் டாக்டரிடம், இவர்கள் எங்கே பிறக்கிறார்கள் என்று. எலும்புக்குள்ளே என்றாள். எலும்பின் நடுவில் இருக்கிற மச்சையில் பிறந்து, ரத்தத்தில் வந்து, ஒரு நாள் முழுக்கக்கூட இருக்காதாம், செத்துப்போகும், அதற்குள் அடுத்தது பிறந்துவிடும். ஆசீரின் எலும்பு. இடுப்பெலும்பு, நெஞ்செலும்பு. அந்த எலும்பு என் வயிற்றில் உண்டான எலும்பு, பல் நொறுங்க நொறுங்க கேழ்வரகும் முருங்கைக்கீரையும் தின்று நான் ஊறவைத்த எலும்பு. அப்படியானால் இவர்களும் எனக்கு ஏதோ உறவுமுறைதான். பிறந்த அன்றைக்கே சண்டைக்குப் போய் அன்றைக்கே சாகிற பிள்ளைகள். யாரும் அவர்களுக்கு அழுவதில்லை. சீழ் என்று துடைத்துப் போடுகிறோம். காலில் முள் குத்தி ஆசீருக்குச் சின்ன வயதில் சீழ் வைத்தபோது நான் பிதுக்கி எடுத்திருக்கிறேன், சீ என்று பஞ்சைத் தூர எறிந்திருக்கிறேன், அது முழுக்க அவனுக்காகச் செத்தவர்கள். பாவம் என்று தோன்றியது, பாவம் என்று தோன்றிய அதே மூச்சில் அவர்கள்மேல் பயமும் வந்தது, கண் தெரியாத பாசம், கார வாயோடு இருக்கிற பாசம், உள்ளே அவன் எதை எதையெல்லாம் வைத்திருக்கிறான், மகளுடைய பேர், வண்டி ஓட்டுகிற கை, எந்தத் தெருவில் என்ன தண்ணி என்கிற கணக்கு, அவன் அப்பா முகம், எல்லாம் அந்த மெல்லிசில்தானே இருக்கிறது, இவர்கள் அதன்மேல் மிதித்து ஓடுகிறார்கள். போதும் மக்கா, என்றேன். யாரிடம் சொன்னேன். கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தேன், கதவைப் பார்த்துக்கொண்டு. நீங்க வந்தது போதும், செய்தது போதும், வெளிய வாங்க, இனி மருந்து பாத்துக்கிடும். ஆண்டவரிடம் பேசாமல் அணுவிடம் பேசிக்கொண்டிருக்கிறேனே என்று பதறி, அப்பா மன்னியும் என்றேன். ஆனால் மறுபடியும் அதையேதான் சொன்னேன். போதும் மக்கா. போதும்.

ஆசீர் அட்டெண்டர் யாரு என்று கதவு கேட்டது. ஹெப்சி தூக்கத்திலேயே எழுந்து நின்றுவிட்டாள், பாட்டில் என் மடியிலிருந்து உருண்டு போயிற்று, யாரும் எடுக்கவில்லை. டாக்டர் நிலோபர் வெளியே வந்து முகமூடியைக் கீழே இறக்கினாள். நான் அவள் வாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன், கையில் ஒன்றும் இல்லை. தண்ணி தெளிஞ்சிட்டு வருதும்மா, என்றாள், அணு நல்லா இறங்கியிருக்கு, காய்ச்சலும் இல்லை. கண் முழிச்சிட்டாங்க. ஹெப்சி என் தோளைப் பிடித்தாள், நகம் பதிந்தது. டாக்டர் இன்னும் முடிக்கவில்லை. ஆனா கூப்பிட்டா உடனே திரும்பல, மருந்து மயக்கமாவும் இருக்கலாம், இனிமேதான் ஒவ்வொண்ணா பாக்கணும், எது எது எப்படி இருக்குன்னு. அந்த ஆனா என்கிற சொல் அவள் போன பிறகும் அங்கேயே நின்றது. ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். நீ போ ஹெப்சி என்றேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள், நான் போனா அழுதிருவேன் அத்த, அவிய பயந்திருவாவ, நீங்க முதல்ல போயி தலையில கை வச்சு ஜெபம் பண்ணிட்டு வாங்க. செருப்பைக் கழற்றி அவர்கள் கொடுத்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டேன், பச்சை அங்கியைக் கட்டிவிட்டார்கள், உள்ளே போகப் போகக் குளிர். மிஷின்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிக் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. ஓரத்துக் கட்டிலில் என் பிள்ளை. தாடி முளைத்து, உதடு வெடித்து, மெலிந்து. கண் திறந்திருந்தது. நான் வருகிற சத்தத்துக்கு அவன் திரும்பவில்லை, என் நிழல் படுக்கையில் விழுந்ததும் திரும்பினான். பார்த்தான். அம்மா என்றான்.

அந்த ஒரு சொல்லுக்கு எனக்குள்ளே கட்டியிருந்ததெல்லாம் அவிழ்ந்துவிட்டது. அவன் நெற்றியில் கை வைத்தேன், சூடு இல்லை, வேர்வைதான், கண்ணை மூடினேன், நாக்கு நிற்காமல் ஓடியது, கூட என்றும் இல்லை குறைய என்றும் இல்லை, நன்றி நன்றி என்று, அவன் பேரைச் சொல்லி, பெண்டாட்டி பேர் பிள்ளை பேரைச் சொல்லி, குரல் என் கையில் இல்லை. மெதுவாம்மா, பக்கத்துல பேஷண்ட் இருக்காங்க என்று ஒரு நர்ஸ் பிள்ளை முதுகில் தொட்டாள். குறைக்கப் பார்த்தேன், முடியவில்லை, அழுகையும் சேர்ந்து இன்னும் பெரிதாகத்தான் வந்தது, எதிர்க் கட்டிலில் இருந்த கிழவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தாராம். ஆசீர் என் மணிக்கட்டைப் பிடித்தான். கண்ணைத் திறந்தேன். அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான், புருவத்தைச் சுருக்கி, தூரத்தில் இருக்கிற போர்டைப் படிக்கிறவன்போல.

"ஏம்மா வாய்க்குள்ளயே முணுமுணுக்க," என்றான், அந்த அறையே கேட்கிறமாதிரி அவ்வளவு பலமாக. "சத்தமா ஜெபம் பண்ணு."

நர்ஸ் பிள்ளையின் கை என் முதுகிலேயே நின்றுவிட்டது. அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையை எடுத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அவள் செருப்புச் சத்தம் கதவுவரைக்கும் போயிற்று. அவனுக்கு அது கேட்டிருக்காது. அவன் காத்துக்கொண்டிருந்தான், என் வாயைப் பார்த்தபடி, ஜெபத்துக்கு எப்போதும் பண்ணுகிறதுபோலக் கையைக் கூப்பப் பார்த்தான், ஊசி குத்தியிருந்ததால் ஒரு கைதான் வந்தது. அந்தக் கையை என் இரண்டு கைக்குள்ளே வைத்துக்கொண்டேன். அழுதால் வாய் கோணும், அவனுக்கு விளங்காது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன், அப்பா என்று, மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை அகலத் திறந்து.